நெக்ரோமான்சி: பிணத்திடம் குறி கேட்ட கலை

மந்திரக் கல்விக்கூடத்தில் நடக்கும் இருண்ட மிகுபுனைவு நாவல் எதை எடுத்தாலும், ஒரு பாடத்துக்கு மட்டும் வகுப்பறை நிலவறையில்தான் இருக்கும். மற்ற மாணவர்கள் அந்தப் பக்கமே போக மாட்டார்கள். அந்தப் பாடம் நெக்ரோமான்சி. செத்தவர்களை எழுப்பி வேலை வாங்கும் வித்தை என்றுதான் இன்றைய வாசகர் அதைப் புரிந்துகொள்கிறார். சொல் பிறந்தபோது பொருள் வேறு.

கிரேக்கத்தில் ‘நெக்ரோஸ்’ என்றால் பிணம்; ‘மாந்தெயா’ என்றால் குறி பார்த்தல். ஹோமரின் ஒடிசி காவியத்தின் 11-ஆம் பகுதியில் இது எப்படி நடந்தது என்று விலாவாரியாகவே இருக்கிறது. காவிய நாயகன் ஒடிசியஸ் வாளால் முழ அளவுக்கு ஒரு குழி தோண்டுகிறான். தேன் கலந்த பால், பிறகு மது, பிறகு தண்ணீர் ஊற்றி, மேலே பார்லி மாவைத் தூவுகிறான். ஆடுகளை அறுத்து ரத்தத்தைக் குழிக்குள் விட்டதும் ஆவிகள் மொய்க்கின்றன. பெற்ற தாயின் ஆவியே வந்து நிற்கிறது. அவளைக்கூட நெருங்க விடாமல் வாளோடு காவல் இருக்கிறான். தைரீசியஸ் என்ற குறிசொல்லியின் ஆவிதான் முதலில் குடித்துவிட்டுப் பேச வேண்டும். இத்தனை பாடும் ஊர் போய்ச் சேர வழி கேட்பதற்காகத்தான்!

உடலையே எழுப்பும் காட்சிக்கு, கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியக் கவிஞர் லூக்கனிடம் வர வேண்டும். அவருடைய காவியத்தில் எரிக்தோ என்ற சூனியக்காரி, செத்துக் கிடந்த ஒரு வீரனை எழுந்து நிற்க வைக்கிறாள். அவளும் போரின் முடிவைக் கேட்கத்தான் எழுப்புகிறாள்.

இடைக்காலத்தில் சொல்லே திரிந்தது. லத்தீனில் கருப்பைக் குறிக்கும் ‘நிகெர்’ உள்ளே புகுந்து ‘நிக்ரோமான்சியா’ ஆனது. பிணக்கலை கருப்புக் கலையாகி, பேய்களை அழைக்கும் எல்லா வித்தைக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. கல்விக்கூடக் கற்பனையின் வேரும் அந்தக் காலத்து ஸ்பெயினில் இருக்கிறது. சலமாங்கா நகரில் சான் செப்ரியான் தேவாலயத்தின் நிலவறையில் சாத்தானே ஏழு மாணவர்களுக்கு ஏழு ஆண்டு பாடம் நடத்தினான் என்பது கதை. கட்டணம்? கடைசியில் எழுவரில் ஒருவர் அவனிடமே தங்கிவிட வேண்டும். இன்றைய நாவலாசிரியர்கள் இதைவிடக் கொடூரமான கட்டண முறையை யோசித்துவிடவில்லை.

20-ஆம் நூற்றாண்டின் மிகுபுனைவுக் கதைகளும் விளையாட்டுகளும் குறி கேட்பதை ஓரங்கட்டிவிட்டு, எலும்புக்கூட்டுப் படையை முன்னால் கொண்டுவந்தன.

சரி, தமிழில் என்ன சொல்வது? பழைய பொருளுக்குத் தமிழ் பைபிளிலேயே துல்லியமான தொடர் இருக்கிறது. உபாகமம் 18-ஆம் அதிகாரத்தில் ‘செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறவன்’ என்று வருகிறது. நாவலுக்கு இது நீளம். புதிய பொருளும் இதில் அடங்காது. ‘பில்லி சூனியம்’ என்று போடுவது எனக்கு ஒப்பவில்லை. அது உயிரோடு இருப்பவரைக் கெடுக்கச் செய்வது. கூடுவிட்டுக் கூடு பாய்வதும் இதில் சேராது. அங்கே வித்தைக்காரனின் உயிரே இன்னொரு உடலுக்குள் போகிறது. அசுர குரு சுக்கிராசாரியாரிடம் கசன் கற்ற, செத்தவரை உயிர்ப்பிக்கும் மிருதசஞ்சீவினி மந்திரம் கிட்டத்தட்ட வருகிறது. குருகுலம், சாவு, மந்திரம் எல்லாமே அந்தக் கதையில் உண்டு. அசுரர்கள் கசனைக் கொன்று எரித்துச் சாம்பலை மதுவில் கலந்து குருவுக்கே கொடுத்துவிட, அவர் வயிற்றுக்குள் இருந்தபடியே கசன் மந்திரம் படிக்கிறான். என்றாலும் சஞ்சீவினியால் எழுந்தவன் முழு மனிதனாக, சொந்தப் புத்தியோடு எழுகிறான். நெக்ரோமான்சியில் எழுவது பிணமாகவே இருந்து சொன்னதைச் செய்யும்.

அதனால் கலைக்குப் ‘பிணவித்தை’, செய்பவருக்குப் ‘பிணமெழுப்பி’ என்பது என் தேர்வு. மரங்கொத்தி, வழிகாட்டி மாதிரி அமைந்த சொல் என்பதால் ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். ‘மூன்றாம் ஆண்டுப் பிணவித்தைத் தேர்வில் அவள் தவறினாள்’ என்று எழுதிப் பாருங்கள், உறுத்தாது. ஆவியை மட்டும் வரவழைத்துப் பேசும் காட்சிக்கு ‘ஆவியழைப்பு’ போதும். எழுந்து வருவதை ‘நடைபிணம்’ என்று எழுதத்தான் கை போகும். வாழ்க்கை வெறுத்துத் திரிபவரையும் அப்படித்தானே சொல்கிறோம், அதனால் முதல் முறை வரும் இடத்திலாவது ‘எழுந்த பிணம்’ என்று விரித்து எழுதிவிடுவது நல்லது.