துளையில்லாத சைக்கிளில் கரியர் எப்படி நிற்கிறது?

யாழ்ப்பாணத்துக் கொண்டாவிலிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வெளிநாட்டுக் கியர் சைக்கிள் ஒன்று அவர் கைக்கு வந்திருக்கிறது. கரியர் பூட்ட அதில் துளை எதுவும் இல்லை. கடையில் "துளைச்சுப் பூட்டித் தாறன்" என்கிறார்களாம். துளைக்கலாமா?

வேண்டாம். இழுபடும் அகன்ற தகட்டில் ஒரு வட்டத் துளை போட்டால், துளையின் விளிம்பில் தகைப்பு, அதாவது ஒரு சிறு பரப்பில் விழும் விசை, மூன்று மடங்காகும் என்று ஜெர்மானியப் பொறியியலாளர் கிர்ஷ் 1898இலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். துளை சின்னதா பெரிதா என்பது அந்தக் கணக்கில் வருவதே இல்லை. உங்கள் பிறேம் அலுமினியம் என்றால் இன்னும் மோசம். ஆயிரமாயிரம் தடவை குலுங்கியபின் அந்த விளிம்பில்தான் வெடிப்பு தொடங்கும்.

நம்முடைய பழைய பார் சைக்கிள்களில் கரியரின் கால்கள் நேரே பின்சில்லின் அச்சுக்குப் போய் நட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். முன்பக்கத்தில், சீற்றிலிருந்து பின்சில்லுக்கு இறங்கும் இரண்டு மெல்லிய குழாய்களை ஒரு பட்டை கவ்வும். துளைக்கு அங்கே வேலையே இல்லை. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், விறகும் மண்ணெண்ணெயும் நோயாளிகளும் போனது இந்த ஏற்பாட்டின் மேல்தான். 2022இல் பெற்றோல் இல்லாமல் தூசி தட்டி எடுத்த சைக்கிள்களிலும் இதுவேதான்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சுமையின் எடை கால்கள் வழியாக அச்சுக்கும், அச்சிலிருந்து சில்லுக்கும், சில்லிலிருந்து நிலத்துக்கும் இறங்கிவிடுகிறது. மேல் பிடிக்கு மிஞ்சுவது கரியர் முன்னும் பின்னும் சாயாமல் பார்த்துக்கொள்ளும் வேலை மட்டும். 20 கிலோ வாழைக்குலை ஒன்று நீர்வேலியிலிருந்து திருநெல்வேலிச் சந்தைக்குப் போகிறது என்று வையுங்கள். அதன் பாரம் அச்சுக்கு 7 சென்ரிமீற்றர் பின்னால் விழுகிறது; மேல் பிடி அச்சுக்கு 35 சென்ரிமீற்றர் மேலே. திருப்பக் கணக்கு பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: 20ஐ 7ஆல் பெருக்கி 35ஆல் பிரித்தால் 4 கிலோ. குழியில் விழும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அது 10, 15 கிலோ வரை ஏறலாம். மேல் பிடி இதைத் தாங்கினால் போதும்.

சீற் கம்பியை மட்டும் கவ்விக்கொண்டு பின்னால் அந்தரத்தில் நீண்டு நிற்கும் கரியர்களும் கடைகளில் தொங்குகின்றன. அவற்றில் முழு எடையும் நெம்புகோலாகி அந்த ஒரு கவ்வியில் இறங்கும். சாப்பாட்டுப் பெட்டிக்குச் சரி, வாழைக்குலைக்குச் சரிவராது.

ஆக, துளை இல்லாத இடத்தில் மேல் பிடியைத் தருவது கவ்விதான். குழாயைச் சுற்றி வளையும் ஓர் உலோகப் பட்டை, உள்ளே றப்பர், இரண்டு காதுகளையும் சேர்த்து இறுக்க ஒரு போல்ட். ஹாட்வெயார் கடையில் தண்ணீர்க் குழாய்க்கென்று விற்பது இதன் உறவினர்தான். எனக்குப் பிடித்த இயந்திரங்களில் இது ஒன்று. சின்னப் பொருள், ஆனால் உள்ளே நடப்பது அழகு.

பட்டையை இறுக்கும்போது அதன் ஒவ்வொரு சிறு துண்டும் குழாயை உள்நோக்கி அழுத்துகிறது. சுற்றிவர உள்ள அழுத்தத்தையெல்லாம் கூட்டினால், பட்டையின் இழுவையைப் போல 2π மடங்கு, அதாவது ஆறு மடங்குக்கும் மேல் வருகிறது. குழாயின் பருமன் இந்தச் சூத்திரத்தில் இல்லை என்பதுதான் வேடிக்கை. மெல்லிய குழாயில் அழுத்தம் கூட, சுற்றளவு குறைவு. தடித்த குழாயில் நேர்மாறு. இரண்டும் ஒன்றையொன்று வெட்டிவிடும். ஒல்லியான மாமாவும் வண்டி வைத்த மாமாவும் ஒரே இழுவையில் பெல்ட்டை இறுக்கினால், இருவர் சாரமும் ஒரே பலத்தில்தான் நிற்கும்.

பட்டையில் 20 கிலோ இழுவை என்றால் மொத்த நெருக்கல் ஏறத்தாழ 125 கிலோ. உராய்வு விசை அழுத்தும் விசைக்கு விகிதசமம் என்று பிரெஞ்சு அறிஞர் அமொன்ரன் 1699இல் சொன்னார். றப்பர் அந்த விதிக்கு அப்படியே கட்டுப்படாத பிராணி என்றாலும், அந்த விகிதத்தை, அதாவது உராய்வுக் குணகத்தை, 0.5 என்று எடுத்தால் ஒரு கவ்வி 60 கிலோ வரை வழுக்காமல் பிடிக்கும். பட்டையும் உராய்வதால் போல்ட்டுக்கு எதிர்ப்புறத்தில் இழுவை குறையும். மாரி மழையில் நனைந்தால் இன்னும் குறையும். பாதியைக் கழித்துவிடுங்கள். அப்போதும் நமக்குத் தேவையான 15 கிலோவுக்கு இரட்டிப்பு, அதுவும் ஒரு கவ்விக்கு.

சரி, பூட்டி ஒரு கிழமையில் ஏன் கழன்று ஆடுகிறது? போல்ட் என்பது ஒரு சுருளி வில். சுருள் தெரியாது, அவ்வளவுதான். 5 மில்லிமீற்றர் போல்ட் ஒன்றைச் சின்ன ஸ்பனரால் சாதாரணமாக இறுக்கினாலே அதற்குள் 500 கிலோ அளவுக்கு இழுவை ஏறும். அந்த இழுவையில் 20 மில்லிமீற்றர் நீளத் துண்டு எவ்வளவு நீளுகிறது? ஒரு மில்லிமீற்றரில் நூறில் மூன்று பங்கு அல்லது நான்கு பங்கு, தலைமுடியின் பாதித் தடிப்பு. உலோகத்தோடு உலோகம் இறுகிய இடமெல்லாம் இந்த நீட்சியை நம்பித்தான் நிற்கிறது. இப்போது வாஷருக்குக் கீழே உள்ள பெயின்ற்றை நினைத்துப் பாருங்கள். அது அந்த நீட்சியைவிடத் தடிப்பு. நான்கு நாள் குலுக்கலில் பெயின்ற் கொஞ்சம் நசிந்தாலே போதும், நட்டு ஒரு பாகைகூடத் திரும்பாமலே 500 கிலோ காற்றோடு போய்விடும்.

றப்பரின் மகிமை இங்கேதான். அது அரை மில்லிமீற்றர், ஒரு மில்லிமீற்றர் நசிந்து நிற்கிறது. பெயின்ற்றின் நசிவெல்லாம் அதற்குத் தூசு. றப்பர் போடாத பட்டையென்றால் பழைய ரியூப்பை வெட்டிச் சுற்றுங்கள். ஆனால் றப்பரும் மெல்ல மெல்லத் தளரும். அதனால் முதல் கிழமை முடிவில் எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்க வேண்டும். புதுச் சைக்கிளைக் கோயிலுக்குக் கொண்டுபோய், கற்பூரம் காட்டி, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசுக்க நமக்கு நேரம் இருக்கிறது. ஸ்பனர் பிடிக்க இரண்டு நிமிடம் இல்லை. நசுக்கிய தேசிக்காய் ஒரு நட்டையும் இறுக்கியதாக நான் அறியேன்.

நட்டு தானாகத் திரும்பிக் கழல்வது வேறு கதை. பக்கவாட்டுக் குலுக்கலே அதற்கு முக்கியக் காரணம் என்று யுங்கர் என்பவர் 1969இல் காட்டினார். சுருள் வாஷர் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. உள்ளே நைலோன் வளையம் வைத்த நட்டு தடுக்கும். யுங்கர் செய்த இயந்திரம் பெரிய வித்தையில்லை, போல்ட் பூட்டிய இணைப்பைப் பக்கவாட்டில் ஆட்டி, போல்ட்டின் இழுவையை அளப்பதுதான். நம் மாணவர்கள் அப்படியொன்றைக் கட்டி, நம் கடைகளில் விற்கும் நட்டுகளைச் சோதித்தால் எவ்வளவு பயன்! ஆனால் ட்ரோன் என்றால் பணம் தர ஆள் உண்டு, நட்டு என்றால் சிரிப்பார்கள்.

வாசகரின் சைக்கிளுக்கு வருவோம். பின்சில்லு நட்டில் நின்றால் கால்களை அங்கேயே மாட்டுங்கள். லீவரால் இறுக்கும் சில்லு என்றால், அச்சுக்குள்ளால் ஓடும் இருக்கிற கம்பிக்குள் கால்களைத் திணிக்காதீர்கள், மரை பிடிக்க நீளம் போதாமல் போகும்; கரியர் தாங்கவென்றே நீளமாகச் செய்த கம்பி விற்கிறார்கள். அது கிடைக்காவிட்டால் கீழேயும் கவ்விதான். அதைக் குழாய்கள் சேரும் ஒட்டுக்கு முட்டும்வரை இறக்கிப் பூட்டினால் மேற்கொண்டு வழுக்க இடமிருக்காது. காபன் பிறேம் என்றால் கவ்வி எதுவும் வேண்டாம், அந்தக் குழாய் நெருக்கலுக்காகச் செய்ததல்ல.

பிள்ளையைப் பின்னால் இருத்தலாமா என்றும் கேட்டிருக்கிறார். கவ்வியில் நிற்கும் கரியரில் கூடாது. வாழைக்குலை இருந்த இடத்தில் இருக்கும். பிள்ளை ஒவ்வொரு மதிலுக்கும் திரும்பித் திரும்பிப் பார்க்கும். யுங்கர் சொன்ன பக்கவாட்டுக் குலுக்கல் அதுதான்.