ஸ்டார்ட் ஆனால் மட்டும் போதுமா?

பேட்டரியை நம்பி ஏமாந்து என்னிடம் வந்தவர்களில், இந்த ஆண்டில் இவர் மூன்றாவது. அவர் சொந்தமாகக் கட்டிய ஆர்வி-7 என்ற சிறு விமானம். நடுவானில், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் நின்றிருக்கிறது. பேட்டரிதான் இருக்கிறதே, நிதானமாக வீட்டுக்கே போய் இறங்கலாம் என்று தொடர்ந்து பறந்திருக்கிறார். கால் மணி நேரத்தில் திரைகள் இருண்டுவிட்டன, ரேடியோவும் போய்விட்டது. எஞ்சினின் இரண்டு இக்னிஷன்களில் (தீப்பொறி தரும் அமைப்பு) ஒன்று, பேட்டரி இல்லாமலே இயங்கும் மேக்னெட்டோவாக இருந்ததால் எஞ்சின் ஓடியது, வழியில் இருந்த சின்ன ஓடுதளத்தில் இறங்கிவிட்டார். என்னிடம் வந்ததும் சொன்ன முதல் வார்த்தை: "காலையில்கூட ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆச்சே!"

அமெரிக்காவில் இப்படிப்பட்ட விமானங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கும் எனக்கு இதைக் கேட்டாலே கோபம் வருகிறது. ஸ்டார்ட் ஆவது எதற்கும் சாட்சி இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கிறது, 4 விநாடி சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 0.22 ஆம்பியர்-மணிதான் (ஒரு ஆம்பியரை ஒரு மணி நேரம் இழுத்தால் ஒரு ஆம்பியர்-மணி). 16 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது எழுபதில் ஒரு பங்கு. முக்கால்வாசி செத்துப்போன பேட்டரியும் அதைக் கொடுத்துவிடும். ஆல்டர்னேட்டர் போன பிறகு தேவைப்படுவது மீதிப் பங்கு. அது இருக்கிறதா என்று ஸ்டார்ட்டருக்குத் தெரியாது.

வாங்கும்போதும் இதே குழப்பம். பலரும் மாட்டும் ஒடிசி பிசி680 பேட்டரியின் பெயரில் உள்ள 680, ஐந்து விநாடி மட்டும் கொடுக்கக்கூடிய ஆம்பியர். அதன் கொள்ளளவு 16 ஆம்பியர்-மணிதான். அதுவும் 20 மணி நேரம் மெல்ல இழுத்தால் கிடைப்பது. வேகமாக இழுத்தால் இன்னும் குறையும். அதனால் பெரிய எண்ணைத் தேடாதீர்கள். ரேடியோ, திரை, ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர், எலெக்ட்ரானிக் இக்னிஷன், எரிபொருள் பம்ப் என்று இறங்கும்வரை அணைக்க முடியாதவற்றின் ஆம்பியரை முதலில் கூட்டுங்கள். எத்தனை நிமிடம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். அப்புறம் கடைக்குப் போங்கள். இரண்டு இக்னிஷனும் மின்சாரத்தை நம்பியிருந்தால், பேட்டரி போனால் எஞ்சினும் போகும். தயவுசெய்து அதற்குத் தனியாக இன்னொரு பேட்டரி வையுங்கள்.

சீல் வைத்த பேட்டரி என்றால் காற்றே புகாத பெட்டி என்று நினைக்க வேண்டாம். சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுதாகி வோல்டேஜ் 15-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் வால்வு திறந்து ஹைட்ரஜன் வெளியே வரும். பேட்டரியை ஃபயர்வாலின் (எஞ்சினையும் விமானி அறையையும் பிரிக்கும் தடுப்பு) எஞ்சின் பக்கம் வைத்திருந்தால் சூடு சீக்கிரமே ஆயுளைத் தின்றுவிடும், குளிர்காற்றுக் குழாய் ஒன்று விடுங்கள். எடை குறையும் என்று லித்தியத்துக்கு மாறுகிறவர்கள் அதிக வோல்டேஜில் ஆல்டர்னேட்டரைத் துண்டிக்கும் பாதுகாப்பு இல்லாமல் மாறவே கூடாது. எதை மாற்றினாலும் எடை-சமநிலைக் கணக்கை மறுபடி எழுதுங்கள்.

சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். முழுக்க சார்ஜ் ஏற்றிவிட்டு, 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு இரண்டை இணையாக மாட்டுங்கள். சுமார் 9 ஆம்பியர் போகும். வோல்டேஜ் 10.5-க்கு (பேட்டரி தீர்ந்தது என்று கொள்ளும் அளவு) இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள், உடனே திரும்ப சார்ஜ் போடுங்கள். இந்த அளவு பேட்டரி புதிதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். ஆண்டுக்கொருமுறை கண்டிஷன் இன்ஸ்பெக்ஷன் (விமானம் பறக்கத் தகுதியாக இருக்கிறதா என்ற பரிசோதனை) எப்படியும் கட்டாயம், அன்றைக்கே இதையும் செய்து, நிமிடத்தைப் பேட்டரி மேலேயே எழுதி வையுங்கள்.

அவருடைய பேட்டரியை அவர் கண்முன்னேயே என் மேசையில் வைத்து இப்படி எரியவிட்டேன். 17-ஆவது நிமிடம் பல்பு சிவந்து மங்கியது. ஆறு வருடப் பேட்டரி. அவர் ஒன்றும் பேசவில்லை, கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.