நீர்ப்பது வேறு, உறையாதிருப்பது வேறு

இதய அறுவைக்குக் காத்திருந்த மாமாவிடம் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். 'இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்துக்கு உங்கள் பதில் முன்கூட்டியே கணிக்கப்படும்' என்று இருந்தது. "நான் என்னப்பா பதில் சொல்லணும்?" என்று கேட்டார். 'பதில்' கிடக்கட்டும், அதை அப்புறம் பார்க்கலாம். எனக்குக் கோபம் வந்தது அந்த 'நீர்க்கச் செய்யும்' மீதுதான். எத்தனை தடவைதான் இதைப் படிப்பது!

'பிளட் தின்னர்' என்பதன் நேர் மொழிபெயர்ப்பு அது; அந்தச் சொல்லோ ஆங்கிலத்திலேயே பேச்சுவழக்கு. மருத்துவச் சொல் 'ஆன்டிகோயாகுலன்ட்'. அதன் வேரான லத்தீன் 'கோயாகுலும்' பாலை உறையவைக்கும் பொருளைக் குறிக்கும். தமிழிலும் பால், இரத்தம் இரண்டுக்கும் 'உறைதல்' ஒன்றுதான். 'உறைவுத் தடுப்பி' என்ற சொல் கையிலேயே இருக்கிறது.

இதய அறுவையில் கொடுக்கும் உறைவுத் தடுப்பியான ஹெப்பாரினையே பாருங்கள். 1916-இல் ஜே மெக்லீன் நாயின் கல்லீரலில் கண்ட பொருளிலிருந்து தொடங்கியது அதன் கதை. பெயரும் கல்லீரலுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். அது இரத்தத்தில் ஒரு சொட்டு நீரும் சேர்ப்பதில்லை. ஆன்டித்ராம்பின் என்ற புரதத்தை முடுக்கிவிட்டு உறைவைத் தடுக்கிறது, அவ்வளவுதான். அறுவையின்போது இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் செய்யும் இதய நுரையீரல் இயந்திரத்தில் நோயாளியை இணைக்குமுன் மருத்துவர்கள் அளப்பதும் உறையும் நேரத்தைத்தான்; பல இடங்களில் 480 வினாடியாவது வேண்டும் என்பார்கள். ஆன்டித்ராம்பின் குறைந்தவர்களுக்கும், பல நாள் ஹெப்பாரின் ஏறியவர்களுக்கும் வழக்கமான அளவு போதாமல் போகலாம். அதனால்தான் முன்கணிப்பு. வெறுமனே நீர்ப்பதாக இருந்தால் யாருக்கு ஊற்றினாலும் நீர்த்துவிடுமே, கணிக்க என்ன இருக்கிறது?

இன்னொன்று. அந்த இயந்திரக் குழாய்களில் முதலில் நிரப்பும் திரவம் உடலுக்குள் கலக்கும்போது இரத்தம் உண்மையாகவே நீர்க்கிறது! ஹெப்பாரினுக்கு அந்தச் சொல்லைத் தாரைவார்த்துவிட்டால் இதை எப்படிச் சொல்வது?

'உறைவெதிர்ப்பி' என்பாரும் உண்டு. பிழையில்லை. ஆனால் மருந்து எடுபடாத நிலையை 'உறைவெதிர்ப்பி எதிர்ப்பு' என்று எழுத வேண்டிவரும். படிப்பவர் தலை சுற்றும். 'குருதி'யா 'இரத்தமா' என்ற சண்டையும் எனக்கு வேண்டாம், நோயாளி சொல்வது இரத்தம்தான். மொழிபெயர்ப்பாளர் அகராதியை மூடிவிட்டு, அந்த மருந்து என்ன செய்கிறது என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். அந்தப் 'பதில்' கூட 'ரெஸ்பான்ஸ்' என்பதன் நேர் மொழிபெயர்ப்புதான்; 'மருந்து கேட்கவில்லை' என்று சொல்லத் தெரிந்த மொழியில் 'பதில்' எதற்கு?

சரி, படிவத்தின் ஓரத்தில் எழுதிக் காட்டினேன்: 'உறைவுத் தடுப்பி உங்கள் உடம்பில் எவ்வளவு வேலை செய்யும் என்று முன்பே பார்ப்போம்.' மாமா உடனே கேட்டார்: "வேலை செய்யலைன்னா?"

கூடுதல் ஹெப்பாரின் கொடுப்பார்கள், இல்லையென்றால் ஆன்டித்ராம்பின் ஏற்றுவார்கள் என்றேன்.