‘டெஸ்ட்2’ கோப்புக்குள் ஒரு செயற்கைக்கோள்

என் பழைய ஹார்ட் டிஸ்கில் ‘டெஸ்ட்2’ என்ற பெயரில் ஒரு கோப்பு கிடக்கிறது. சரியாக 147,45,60,000 பைட். நோவா எனும் அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்களில் ஒன்று தலைக்கு மேலே கடந்தபோது, மொட்டை மாடியில் நின்று ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளில், அதாவது கணினியில் செருகும் சின்ன ரேடியோ ஏற்பியில், பதிவு செய்தது. எந்த நோவா, என்றைக்கு, எந்த வேகத்தில் பதிந்தேன் என்று எதையும் எழுதி வைக்கவில்லை. நோவா 15, 18, 19 மூன்றுமே 2025-ல் நிறுத்தப்பட்டுவிட்டன. இன்னொரு தடவை பிடிக்கலாம் என்றால் அவை இல்லை.

இது பாட்டுக் கோப்பு மாதிரி திறந்தவுடன் பாடாது. சாதாரண ரேடியோ பெட்டி, அலையிலிருந்து ஒலியைப் பிரித்துத் தந்துவிடும். எஸ்டிஆர், அதாவது பிரிக்கும் வேலையை மென்பொருளிடம் விட்டுவிடும் ரேடியோ, அதைச் செய்வதில்லை. அலையை நொடிக்குப் பல லட்சம் தடவை அளந்து, எண்களாகக் கொட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அந்த ஒவ்வோர் அளவையும் சாம்பிள் என்கிறோம். ஒரு சாம்பிளுக்கு ஒரு எண் இல்லை, இரண்டு: ஐ, கியூ.

ஏன் இரண்டு? திருவிழாவில் ராட்டினத்தின் ஒரு தொட்டியில் மட்டும் விளக்கு எரிகிறது என்று வையுங்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் விளக்கு ஏறி இறங்குவது மட்டும்தான் தெரியும். எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்பது தெரியாது. உயரத்தோடு, முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் குறித்தால் திசை பிடிபட்டுவிடும். ஐ, கியூ அந்த இரண்டு குறிப்புகள். நாம் டியூன் செய்த மைய அதிர்வெண்ணுக்கு மேலே இருக்கும் சிக்னல் ஒரு திசையில் சுற்றும், கீழே இருப்பது எதிர்த்திசையில். கோப்பில் ஐ, கியூ, ஐ, கியூ என்று மாறி மாறி வரும். நடுவில் ஒரே ஒரு பைட் தொலைந்தால் போதும், அதற்குப் பிறகு இரண்டும் இடம் மாறி, மேலே இருந்த நிலையம் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும்.

கோப்பை பைட் பைட்டாகத் திறந்து பார்த்தேன். 127, 128, 126, 129, 127, 127... எல்லாம் 127-ஐச் சுற்றியே. ஆர்டிஎல் டாங்கிளின் கைநாட்டு இது. அதன் 8 பிட் எண்களில் மைனஸ் கிடையாது. 0 முதல் 255 வரை ஓடும், அமைதி என்பது 127.5. சரிபாதியாக அப்படி ஓர் எண் இல்லாததால், அமைதியை அதனால் எழுதவே முடியாது என்பது தனி வேடிக்கை. ஹேக்ஆர்எஃப் என்ற இன்னொரு எஸ்டிஆர் கருவியும் 8 பிட்தான், ஆனால் −128 முதல் 127 வரை. ஆர்டிஎல் கோப்பை ஹேக்ஆர்எஃப் கோப்பு என்று நினைத்துத் திறந்தால் 127 அப்படியே இருக்கும், பக்கத்தில் இருக்கும் 128 மட்டும் −128 ஆகிவிடும். மெல்லிய இரைச்சல் உச்சக் கூச்சலாகிவிடும். சிக்னலை அலசும் மென்பொருளான க்னூ ரேடியோவோ ஒவ்வொன்றையும் 32 பிட் தசம எண்ணாக எழுதும். சாம்பிளுக்கு 2 பைட் போய் 8 பைட். கணக்குப் போட வசதி, டிஸ்குக்குக் கேடு.

எஸ்டிஆர் மென்பொருள்கள் பலவும் வேவ் என்ற ஒலிக் கோப்பில் சேமிக்கின்றன. இடது, வலது ஒலிக்குப் பதிலாக ஐ, கியூ. கோப்பின் தொடக்கத்தில் இருக்கும் தலைப்புக் குறிப்பில் (ஹெடர்) சாம்பிள் வேகம், அதாவது நொடிக்கு எத்தனை சாம்பிள் என்பது, எழுதியிருக்கும் என்பது பெரிய ஆறுதல். ஆனால் அதில் கோப்பின் அளவைக் குறிக்கும் இடம் 32 பிட் என்பதால் 4 ஜிபியோடு சரி. 16 பிட்டில் நொடிக்கு 24 லட்சம் சாம்பிள் எடுத்தால் ஏழரை நிமிடத்தில் நிரம்பிவிடும். அதனால்தான் ஆர்எஃப்64 என்ற நீட்டித்த வடிவம் வந்தது.

என் கோப்புக்குத் தலைப்பே இல்லை. வேகம் 24 லட்சமாக இருக்கும் என்று குத்துமதிப்பாக வைத்து, எஃப்எம்மாக வந்த சிக்னலிலிருந்து ஒலியைப் பிரித்தேன். நோவா படத்தைச் சுமந்து வரும் ஒலி, அதாவது துணை அலை, 2,400 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். எனக்கோ 5,625-ல் நின்றது. நொடிக்கு இரண்டு தடவை வர வேண்டிய ‘டிக்’ ஓசை நாலரைக்கும் மேல் அடித்தது. எல்லாம் ஒரே விகிதத்தில் வேகமாக ஓடுகிறது. 24 லட்சத்தை 2,400-ஆல் பெருக்கி 5,625-ஆல் வகுத்தால் 10,24,000. டாங்கிளில் வழக்கமாகத் தேர்ந்தெடுக்கும் வேகங்களில் அதுவும் ஒன்று! கோப்பின் அளவை சாம்பிளுக்கு 2 பைட் என்று வகுத்தால் 720 நொடி, அதாவது 12 நிமிடம். ஒரு செயற்கைக்கோள் அடிவானத்திலிருந்து அடிவானம் போகிற நேரத்துக்கு ஒத்துவருகிறது. படமும் வந்தது, மேகமும் கடற்கரையுமாக.

இந்தப் பாடெல்லாம் வேண்டாம் என்றுதான் க்னூ ரேடியோ வட்டாரத்தில் சிக்எம்எஃப் என்ற சேமிப்பு முறை உருவானது. எண்கள் ஒரு கோப்பில் தொடப்படாமல் இருக்கும். பக்கத்திலேயே விவரங்களை எழுத்தில் வைத்திருக்கும் ஒரு ஜேசன் கோப்பு: எண்களின் வகை, சாம்பிள் வேகம், மைய அதிர்வெண், தொடங்கிய நேரம். எந்த சாம்பிளிலிருந்து எது வரை என்ன சிக்னல் என்று குறிப்பும் எழுதலாம். நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம் என்பதுதான் எனக்குப் பிடித்தது. கட்டாயம் எழுத வேண்டியவை எண் வகையும் சிக்எம்எஃப் பதிப்பும் மட்டுமே. மற்றதைத் தெரிந்தால் எழுதலாம்.

‘டெஸ்ட்2’-க்கும் ஒன்று எழுதினேன். வகை, வேகம், பதிப்பு என்று மளமளவென நிரம்பியது. மைய அதிர்வெண்ணில் கை நின்றது. 137.1 மெகாஹெர்ட்ஸ் என்றால் நோவா 19, 137.62 என்றால் 15, 137.9125 என்றால் 18. கோப்பில் இருப்பதோ மையத்திலிருந்து எவ்வளவு விலகல் என்பது மட்டும். மையம் எது என்பது அந்த 147 கோடி எண்களில் ஒன்றில்கூட இல்லை. அந்த வரியை எழுதாமலே சேமித்தேன்.