பிரேக் டிரம்மில் கம்ப்ரஸர் காற்றை அடிக்காதீர்கள்

மூச்சு வாங்குகிறது என்று வரும் அறுபது வயதுக்காரரிடம் "என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டால் "வாட்ச்மேன்" என்பார். "அதுக்கு முன்னாடி?" என்று கேட்டால்தான் லாரி பட்டறையில் வருடக்கணக்காக பிரேக் லைனிங் (பிரேக் பிடிக்கும்போது உரசித் தேயும் பட்டை) மாற்றிய கதை வெளியே வரும். லாரித் தொழிலை நம்பி வாழும் நாமக்கல், சங்ககிரி போன்ற ஊர்களில் இந்த இரண்டாவது கேள்வி மிக முக்கியம். நெஞ்சக மருத்துவம் பார்க்கிற நான் பட்டறை நண்பர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்துத் தூசியை ஊதித் தள்ளும் பழக்கத்தை விடுங்கள்.

சூட்டைத் தாங்கும் என்பதற்காக லைனிங்கில் பல காலமாகக் கலந்து வந்தது கிரைசோடைல் என்ற வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். நுரையீரலின் அடிவரை போகிற ஆஸ்பெஸ்டாஸ் இழையோ 3 மைக்ரானுக்கும் மெல்லியது. நீளம் மட்டும் 5 மைக்ரானுக்கு மேல். மூக்கு, தொண்டை எல்லாம் தாண்டி காற்றுப்பைகளுக்குள் போய்விடும். அங்கே காவலுக்கு இருக்கும் மேக்ரோபேஜ் செல்கள் தூசியை விழுங்கி அகற்றுபவை. இழை அந்தச் செல்லைவிட நீளமாக இருந்தால் முழுதாக விழுங்க முடியாது. பாதி விழுங்கிய நிலையிலேயே செல் சிதைந்து, உள்ளே இருக்கும் ரசாயனங்களைக் கொட்டும். அழற்சி வரும், அது ஆறும் இடத்தில் தழும்பு விழும். இப்படியே வருடக்கணக்கில் தழும்பு ஏறி நுரையீரல் விறைத்துப்போவதுதான் ஆஸ்பெஸ்டோசிஸ். வேலையை விட்ட பிறகும் இது நிற்காமல் போகலாம். தூசியை சுவாசித்த காலத்துக்கும் நோய் தெரியும் காலத்துக்கும் நடுவே 20 வருடம் சாதாரணம். நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய்க்கு 30, 40 வருடம்கூட ஆகும்.

இதை மிகைப்படுத்தவும் நான் விரும்பவில்லை. பிரேக் பிடிக்கும்போது எழும் கடும் சூட்டில் கிரைசோடைலின் பெரும்பகுதி இழைத்தன்மை இழந்து வேறு கனிமமாக மாறிவிடுகிறது. டிரம்மில் இருக்கும் தூசியில் மிச்சமிருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கொஞ்சம்தான். மெக்கானிக்குகளிடம் நடந்த ஆய்வுகளிலும் மீசோதீலியோமா கூடியதாகத் தெளிவாகத் தெரியவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட், நூற்பு, வெப்பக்காப்பு வேலைகளில் இருந்தவர்களுக்கு வந்த பாதிப்பு இதைவிட மிக அதிகம். ஆனால் புது லைனிங்கை அரம் போட்டுத் தேய்ப்பது, கிரைண்டரில் விளிம்பு சரிசெய்வது, துளை போட்டு ரிவெட் அடிப்பது எல்லாம் சூடுபடாத லைனிங்கில் நடக்கும் வேலை. அதில் பறப்பது மாறாத இழை. ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகைகளையும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில்தான் வைத்திருக்கிறது. இந்தியாவில் ஆஸ்பெஸ்டாஸ் பயன்பாட்டுக்கு முழுத் தடை இன்னும் வரவில்லை, இறக்குமதி நடக்கிறது. அதனால் பெட்டியில் 'ஆஸ்பெஸ்டாஸ் ஃப்ரீ' என்று போடாத லைனிங்கில் அது இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத லைனிங் என்றால் பயமில்லையா? அதுவும் இல்லை. அதன் தூசியில் இரும்பு, தாமிரம், ஆன்டிமனி போன்ற உலோகத் துகள்கள் இருக்கின்றன. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் 2025-இல் வெளியிட்ட ஆய்வில், தாமிரம் அதிகமுள்ள ஒருவகை பிரேக் தூசி, ஆய்வகத்தில் வளர்த்த நுரையீரல் செல்களை டீசல் புகைத் துகளைவிட அதிகமாகப் பாதித்தது. அந்தத் தூசி ஆஸ்பெஸ்டாஸுக்கு மாற்றாக வந்த லைனிங் வகையிலிருந்து வந்தது என்பது எனக்குக் கவலை தருகிறது.

புகைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். அமெரிக்காவில் செலிகாஃப் என்ற மருத்துவரின் குழுவினர் வெப்பக்காப்புத் தொழிலாளர்களைப் பல வருடம் பின்தொடர்ந்து 1979-இல் சொன்ன கணக்கு இது: இரண்டும் இல்லாதவரோடு ஒப்பிட்டால், ஆஸ்பெஸ்டாஸ் மட்டும் என்றால் நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு 5 மடங்கு, சிகரெட் மட்டும் என்றால் சுமார் 10 மடங்கு, இரண்டும் சேர்ந்தால் 50 மடங்குக்கு மேல். பிறகு வந்த ஆய்வுகளில் எண்கள் முன்னே பின்னே இருந்தாலும், இரண்டும் சேர்ந்தால் ஆபத்து பெருகுகிறது என்பது மாறவில்லை.

அப்புறம் வீட்டுக்காரங்க. ஆஸ்பெஸ்டாஸ் ஆலைத் தொழிலாளரின் உடுப்பை உதறித் துவைத்த மனைவிக்கு மீசோதீலியோமா வந்தது உலகின் பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. பட்டறை உடுப்பைப் பட்டறையிலேயே மாற்றுங்கள். குழந்தையைத் தூக்கும் முன் முகம், கை, தலை கழுவுங்கள்.

தூசியை எடுக்கும் முறை செலவில்லாதது. சோப்பு கலந்த தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, டிரம்மையும் லைனிங் ஒட்டியிருக்கும் பிரேக் ஷூவையும் மெதுவாக நனையுங்கள். கீழே ஒரு தட்டு வையுங்கள். ஈரத்துணியால் துடைத்து, துணி காயும் முன்பே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னால் வேகமாக அடித்தால் அதுவும் தூசியைத் தெறிக்கவிடும். தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்க வேண்டாம். முகத்தில் கட்டும் கர்சீப் இந்த இழையைத் தடுக்காது. தேய்க்கும், துளைபோடும் வேலைக்கு மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் பி100 வடிகட்டி பொருத்திய ரப்பர் மாஸ்க் வேண்டும். என்95 இதற்குப் போதாது. முதலாளிகளே, வேலை கற்கும் பையன்களிடம் இந்த வேலையைத் தள்ளிவிடாதீர்கள். அவர்களுக்கு முன்னால் இருக்கும் வருடங்கள்தான் அதிகம்.

மாடி ஏறும்போது முன்பைவிட மூச்சு வாங்குவது, விடாத வறட்டு இருமல், விரல் நுனி புடைத்து நகம் வளைவது ஆகியவை தெரிந்தால் வாருங்கள். எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததும் சளியைப் பரிசோதிக்காமலே டி.பி. மாத்திரை தொடங்கிவிடும் வழக்கம் நம்மூரில் இன்னும் இருக்கிறது. சளிப் பரிசோதனை, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி, தேவையானால் சி.டி. ஸ்கேன் மூன்றும் சேர்ந்தால்தான் படம் தெளிவாகும். விழுந்த தழும்பை அழிக்க மருந்து இல்லை. ஆனால் தூசியையும் புகையையும் நிறுத்தி, ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசி போட்டு, மூச்சுப்பயிற்சி செய்தால் இருக்கிற மூச்சைக் காப்பாற்றலாம்.

ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டை 40 வருடம் பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் உத்தரவிட்டது. ஆஸ்பெஸ்டோசிஸ், தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் தொழில்நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் நாலு பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இ.எஸ்.ஐ. ஏது, பதிவேடு ஏது? அதனால் மருத்துவரிடம் போகும்போது எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை பிரேக் வேலை செய்தீர்கள் என்பதை நீங்களே சொல்லி, அதை உங்கள் சீட்டில் எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள்.