மோகை: மாரனில் தொடங்கிய ஒரு வசைச்சொல்

சீனப் பழங்கதைச் சிறுவன் நேஜா, மிங் காலத்து நாவலான ‘ஃபெங்ஷென் யென்யி’யில் கடல் நாகராசாவின் மூன்றாம் மகன் ஆவ்பிங்கைக் கொன்று நரம்பை உருவிவிடுவான். 2019இல் வந்த அனிமேஷன் படத்திலோ இருவரும் சிநேகிதர்கள்! அதுமட்டுமா, நாவலில் தெய்வ முத்தின் மறுபிறவியாக வரும் நேஜா படத்தில் அசுர உருண்டையிலிருந்து பிறக்கிறான். முத்து ஆவ்பிங்குக்குப் போய்விடுகிறது. 2021இல் இன்னொரு படம். அதில் நேஜா மறுபிறவி எடுத்து மோட்டார் சைக்கிளில் பறக்கிறான். மூலக்கதையை இப்படி ஆளே அடையாளம் தெரியாமல் ஆக்குவதைச் சீன இணையவாசிகள் ‘மோகை’ என்பார்கள்.

‘கை’ என்றால் மாற்றுவது. நாவலை ஒழுங்காகப் படமாக்கினால் அது ‘கைபியன்’. பியன் என்பது மூங்கில் பட்டைகளைக் கயிற்றால் கோத்து ஏடு கட்டிய காலத்துச் சொல், நம் ‘யாத்தல்’ போல. மோகையோ ஜப்பான் வழியாக வந்தது. பொம்மைகளை அறுத்து ஒட்டி உருமாற்றுகிறவர்கள் அங்கே அதை ‘மகைசோ’ என்றார்கள்.

சுவாரசியம் ‘மோ’வில்தான். புத்தரின் தவத்தைக் கலைக்க வந்த மாரனின் பெயரைச் சீனத்தில் எழுத ஓர் எழுத்து தேவைப்பட்டது. ஒலிக்காகச் சணலைக் குறிக்கும் எழுத்தை மேலே வைத்து, பொருளுக்காகப் பேயைக் குறிக்கும் எழுத்தைக் கீழே வைத்தார்கள். அதுதான் ‘மோ’. மணிமேகலை புத்தரை ‘மாரனை வெல்லும் வீர’ என்று போற்றுவது இதே மாரனை வைத்துத்தான். நம்மிடம் அவன் மன்மதனோடு கலந்து மலர்க்கணையோடு திரிகிறான், அங்கே பேயாகிவிட்டான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘தழுவல்’ ரொம்ப மரியாதையான சொல். ‘திரிபு’ வெறும் குற்றச்சாட்டு. மோகையில் திட்டு அதிகம்தான், ஆனால் சில சமயம் ‘அடேயப்பா’வும் கலந்திருக்கும். ‘மேற்கு யாத்திரை’ என்ற பழைய சீன நாவலின் குரங்கரசனை மலைக்கொள்ளையனாக்கிக் காதலிலும் தள்ளிய 1995ஆம் ஆண்டு ஹாங்காங் படத்தைப் பின்னாளில் சீனக் கல்லூரி மாணவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடவில்லையா?

அளவு மீறியதற்கு முன்னால் பேயை ஒட்டுவது நமக்கும் பழக்கம்: பேய்மழை, பேய்க்காற்று. அதனால் என் ஓட்டு ‘பேய்த்தழுவல்’ என்பதற்கு. பேய் கட்டிப்பிடிக்கிற காட்சி கண்முன் வந்தால் வரட்டுமே.