ஒரியா, ஒடியா, ஒட்டம்

ஒடிசா மாநிலத்தின் ஆட்சிமொழியான ஒடியா, 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ மூன்றே முக்கால் கோடிப் பேரின் தாய்மொழி. வங்காளத்துக்கும் அசாமியத்துக்கும் உடன்பிறந்த கிழக்கு இந்திய-ஆரிய மொழி. தமிழ் இதழ்கள் நெடுங்காலம் இதனை ‘ஒரியா’ என்றே எழுதி வந்தன.

அந்த ரகரம் எங்கிருந்து வந்தது? ஒடிசா மக்கள் இப்பெயரின் நடுவே, நாநுனியை மடித்து அண்ணத்தை ஒருமுறை வருடி விடுகின்றனர். அவ்வொலிக்குத் தனி எழுத்தில்லாத ஆங்கிலம் அதனை ரகர எழுத்தால் குறிக்க, நாம் மூலத்தைக் கேளாமல் ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பெயர்த்துக்கொண்டோம். ‘வடை’, ‘படி’ என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு உயிர்களுக்கு நடுவே நாம் இயல்பாக ஒலிக்கும் டகரம் ஏறக்குறைய அதே ஒலிதான். தமிழுக்குக் கைவந்த ஒலியை ஆங்கிலத்தின் வழியே இழந்திருக்கிறோம் என்பது சற்று வேடிக்கையானதே.

பழந்தமிழர் இவ்வாறு தடுமாறவில்லை. வடமொழியில் ‘ஓட்ர’ எனவும் பிராகிருதத்தில் ‘ஒட்ட’ எனவும் வழங்கிய நாட்டுப் பெயரே இச்சொல்லின் வேர். போளூருக்கு அருகிலுள்ள திருமலைக் கல்வெட்டில், முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி அவன் வென்ற நாடுகளுள் ஒன்றாக ‘ஒட்ட விஷய’த்தைச் சொல்கிறது (‘விஷயம்’ என்பது நாட்டுப் பிரிவைக் குறிக்கும்). அங்கே டகரம்தான் நிற்கிறது. புவனேசுவரத்திலோ ஒடியாவும் தமிழும் ஒரே கல்லில் வெட்டப்பட்ட இருமொழிக் கல்வெட்டும் உண்டு.

மொழிகளைப் பட்டியலிடும், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இம்மொழியின் பெயர் 2011இல் 96ஆம் திருத்தத்தால் ‘ஒரியா’விலிருந்து ‘ஒடியா’ என மாற்றப்பட்டது. 2014இல் தமிழ், சமற்கிருதம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகியவற்றுக்கு அடுத்து ஆறாவதாகச் செம்மொழித் தகுதியும் கிடைத்தது.

எனவே மொழிக்கு ஒடியா, மக்களுக்கு ஒடியர், மாநிலத்துக்கு ஒடிசா என எழுதுவதே பொருத்தம். ‘ஒட்ட’ என்பதன் தமிழ் வடிவமான ‘ஒட்டம்’ பழமையானதே எனினும், தமிழில் அது பந்தயத்தையும் குறிப்பதால் இன்று மீட்டெடுக்க ஏற்றதன்று. ‘ஒடியா’விலும் ஒரு சிறு சிக்கல் உண்டு: ‘ஒடியாக் கவிதை’ என்று எழுதினால், ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாக, அதாவது இறுதித் தகரம் கெட்ட ‘ஒடியாத’ எனக் கொண்டு ‘ஒடியாத கவிதை’ என்றும் இலக்கணம் கற்றவர் படிக்கக்கூடும். அதனை ஒடியர் எவரும் குறையாகக் கொள்ளமாட்டார்.